ஜெனரல் செம்பவாங்

என் தம்பி எட்மண்டை இங்கிலாந்துக்குக் கூட்டிப்போவதா வேண்டாமா என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. எனக்கு அப்போது பதினைந்து வயது. கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். அவன்மேல் பாசம் பொங்கி அல்ல. அவன் போய்விட்டால் அம்மாவின் புலம்பலை நான் ஒருத்தியே உட்கார்ந்து கேட்க வேண்டும் என்பது அன்றைக்கே தெரிந்திருந்தது. அப்படியேதான் நடந்தது.

1971இல் செம்பவாங் கடற்படைத் தளத்தை மூடிக்கொண்டு பிரிட்டிஷ்காரர்கள் கிளம்பினார்கள். அங்கே ஸ்டோர் கிளார்க்காக இருந்தவர் என் அப்பா அருளானந்தம். ஊரே சிங்கப்பூர் பாஸ்போர்ட்டுக்கு மாறியபோதும் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தவர். வெள்ளைக்காரன் போகிற இடத்துக்கு நாமும் போய்விட்டால் பிழைத்துக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு. பதினொரு வயது எட்மண்டை முதலில் கூட்டிப்போவது, வீடு பார்த்ததும் அம்மாவையும் என்னையும் அழைத்துக்கொள்வது என்று பேச்சு. அந்த வீடு கடைசிவரை கிடைக்கவே இல்லை. லண்டனில் லூயிஷம் என்ற பகுதியில், ஒரு ரொட்டி ஆலையில் இரவு வேலை பார்த்துக்கொண்டு, ஒற்றை அறையில் மகனோடு இருந்தார். 1980 ஜனவரியில் நிமோனியா வந்து அங்கேயே போய்ச் சேர்ந்தார். நாங்கள் இங்கே லூர்து மாதா கோயிலில் அவருக்குப் பூசை வைத்தோம். வேறென்ன செய்ய முடியும்?

அப்பா போன பிறகாவது பையன் திரும்பி வந்துவிடுவான் என்று அம்மா நம்பினாள். அவன் வரவில்லை. அங்கே ஒரு வேலை இருக்கிறது என்று எழுதினான். என்ன வேலை என்று பார்த்தால், பெட்டி தூக்குகிற வேலை.

பள்ளிக்கூடத்தில் அவனோடு சேர்ந்தவர்கள் எல்லாம் ஜமைக்காப் பையன்கள். அவர்களுடைய மாமன்மார்கள் பீரோ உயரத்துக்கு ஒலிபெருக்கிப் பெட்டிகள் செய்து, வேனில் ஏற்றிக் கொண்டுபோய், சனிக்கிழமைதோறும் ஏதாவது ஒரு மண்டபத்தில் அடுக்கிக் கூட்டம் சேர்ப்பார்களாம். டான்ஸ்ஹால் என்று பெயர். இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் பாட்டு இருக்கும். மறுபக்கத்தில் அதே பாட்டிலிருந்து குரலை எடுத்துவிட்டு வெறும் தாளம் மட்டும் இருக்கும். அந்தத் தாளத்தை ஓடவிட்டு, ஒருவன் மைக்கைப் பிடித்து, எதிரில் நிற்கிறவர்களைப் பார்த்து, அந்த நிமிடம் தோன்றுவதை எதுகையோடு மூச்சுவிடாமல் பேச வேண்டும். மஞ்சள் சட்டைக்காரன் கண்ணில் பட்டால் மஞ்சள் சட்டையைப் பற்றி. புருஷனோடு கோபித்துக்கொண்டு மூலையில் நிற்கிறவள் கண்ணில் பட்டால் அவளைப் பற்றி. கூட்டம் சிரித்தால் அவன்தான் ஆள். சிரிக்காவிட்டால் மைக்கை அடுத்தவன் பிடுங்கிக்கொள்வான்.

எட்மண்ட் சில வருடம் பெட்டி தூக்கினான். ஒருநாள் மைக் பிடிக்க வேண்டியவனுக்குப் பல்வலி வந்து கன்னம் வீங்கிவிட்டது. அன்றிலிருந்து பெட்டியை வேறு யாரோ தூக்கினார்கள்.

அந்த ஆட்கள் எல்லாரும் ஜெனரல், கேப்டன் என்று தங்களுக்குத் தாங்களே பட்டம் கட்டிக்கொள்கிறவர்கள். இவன் பிறந்த இடத்தின் பெயரை வைத்துக்கொண்டான். ஜெனரல் செம்பவாங். போனில் அதைச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"டேய், பஸ் நெத்தியில எழுதியிருக்கிற பேரயா வெச்சுப்பாங்க?" என்றேன்.

"இங்க யாருக்கும் தெரியாதுக்கா. ஆப்பிரிக்கால ஒரு ராஜா ஊருன்னு நெனச்சுக்கிறாங்க," என்றான். அவன் தமிழ் பதினொரு வயதிலேயே நின்றுவிட்டது. இருபத்துநாலு வயது ஆள் சின்னப் பையன் மாதிரி பேசுவதைக் கேட்க எனக்குப் பாவமாகவும் இருக்கும், எரிச்சலாகவும் இருக்கும்.

1984இல் அவனுடைய இசைத்தட்டு ஒன்று வெளிவந்தது. ரொட்டி ஆலையின் இரவு வேலையைப் பற்றிய பாட்டு. மேஸ்திரி எப்படிக் கத்துவான், மாவு எப்படிக் காதுக்குள் போகும், விடிந்து வீட்டுக்கு வருகிறவனை நாய் எப்படி முகர்ந்து பார்க்கும் என்றெல்லாம் வருகிறது. அப்பாவைப் பற்றித்தான். அது அங்கே ரேடியோவில் ஓடியது, கடைகளில் விற்றது. எங்களுக்கு ஒரு தட்டும் ஒரு கேசட்டும் அனுப்பினான். அட்டையில் அவன் முகம் இல்லை. ராணுவத் தொப்பி போட்ட ஒரு சிங்கம் இருந்தது.

"உன் படம் எங்கடா?"

"கம்பெனிக்காரன் வேணாம்னுட்டான். என் மூஞ்சிய பாத்தா வாங்குறவன் கன்பியூஸ் ஆயிடுவானாம். எல்லாரும் என்ன ஜமைக்காக்காரன்னு நெனச்சுட்டு இருக்காங்க. லூயிஷம்ல பரவால்ல, என்னத் தெரியும். வேற ஊருக்குப் போனா வாசல்லயே நிறுத்தி, ஜெனரல் எங்கடா, நீ பெட்டி தூக்குறவனான்னு கேக்குறாங்க. போன மாசம் ஒருத்தன் உள்ளயே விடல."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இங்கேயிருந்து யாரைத் திட்டுவது?

அம்மா கேசட்டைக் கோயிலுக்கே கொண்டுபோனாள். எங்கள் பங்குக் கோயிலுக்கு வருகிற பெண்கள் எல்லாருக்கும், எம் மவன் லண்டன்ல பாட்டுக்காரன் என்று சொல்லியாகிவிட்டது. வீட்டில் இருந்த டேப்ரிக்கார்டர் கேசட்டை இழுத்துத் தின்கிற ரகம் என்பதால், போட்டுக் கேட்க நான், தமிழர் கடைகள் நிறைந்த சிராங்கூன் ரோட்டில் கேசட் கடை வைத்திருந்த ரவூப்பிடம் போனேன். அவர் பெரிய ஸ்பீக்கரில் போட்டார். கொஞ்ச நேரம் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். பிறகு பொறுக்க முடியாமல் என்னைப் பார்த்தார்.

"இவரு பேசிக்கிட்டே இருக்காரே, பாட்டு எப்ப லா ஆரம்பிக்கும்?"

"இதுதான் அண்ணே பாட்டு."

"ஓ," என்றார் ரவூப். "ஆனா அந்தப் பின்னாடி அடிக்குது பாரு, அது நல்லா இருக்கு."

இப்படித்தான் இருந்தது நம் ஆட்களின் ரசனை. அங்கே முகத்துக்கு மதிப்பில்லை, இங்கே பாட்டுக்கு மதிப்பில்லை.

நான் ஆர்ச்சர்ட் ரோட்டுக்குப் பின்னால் ஒரு ஹோட்டலில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தேன். ஹோட்டலின் பெயர் வேண்டாம். 1985இல் அங்கே கேளிக்கைப் பகுதிக்கு மேனேஜராக இருந்தவர் மிஸ்டர் கோ. கரீபியன் வாரம் என்று ஒன்று நடத்தப் போகிறார் என்று கேள்விப்பட்டேன். கீழ்த்தளத்து லவுஞ்சில் மணல் கொட்டி, பிளாஸ்டிக் கிளிகளைத் தொங்கவிட்டு, இளநீரில் ரம் ஊற்றிக் கொடுக்கிற திட்டம். லண்டனில் இருந்து ஒரு பாடகரைத் தருவிக்கிறார்கள் என்றும் சொன்னார்கள். டெலெக்ஸ் அறையில் இருக்கிற கண்மணிதான் ஓடி வந்து சொன்னாள். "அக்கா, ஆர்ட்டிஸ்ட் பேரு ஜெனரல் செம்பவாங்காம், பாருங்களேன் காமெடிய."

நான் இரண்டு அழைப்புகளைத் தவறான அறைக்கு இணைத்துவிட்டேன். அன்று அப்படி ஒரு சந்தோஷம்.

எட்மண்ட் போனில் கத்தினான். "ஒரே ஒரு தடவக்கா! அம்மா முன்னாடி, என் மூஞ்சியோட நின்னு பாடணும். அது போதும் எனக்கு. அப்புறம் அவங்க எந்தச் சிங்கத்தப் போட்டாலும் போட்டுக்கட்டும்."

முடியை வெட்டிக்கொண்டு வா என்று நான் சொன்னேன். தோள்வரை முடி வைத்திருந்தான். நீள முடிக்காரர்களை எந்த அலுவலகத்திலும் கடைசியில்தான் கவனிப்பார்கள் என்று போஸ்டர் ஒட்டியிருந்த ஊர் இது. வெட்டிக்கொண்டுதான் வந்தான். சாங்கியில் இறங்கியவனைப் பார்த்தால் தேக்கா மார்க்கெட்டில் மீன் வாங்க வந்த ஆள் மாதிரி இருந்தான். அம்மா அவன் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. பதினாலு வருடம் கழித்துப் பார்க்கிறாள். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன்.

மறுநாள் ஹோட்டலுக்குப் போனோம். மிஸ்டர் கோ ஆர்க்கிட் மாலையோடு லாபியில் நின்றிருந்தார். எட்மண்டைத் தாண்டி வாசலைப் பார்த்துக்கொண்டே நின்றார். எட்மண்ட் கையை நீட்டி, நான்தான் ஜெனரல் செம்பவாங் என்றான். மிஸ்டர் கோ சிரித்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். அப்புறம் சிரிப்பு போய்விட்டது.

"என் தம்பி சார்," என்றேன்.

மாலையைக் கையில் வைத்துக்கொண்டே ஆபீஸ் அறைக்குள் போனார். அவர் ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளியதன் சாரம் இதுதான்: செம்பவாங் என்ற பெயரைப் பார்த்தபோது, நம் ஊர்க்காரர்களைச் சந்தோஷப்படுத்த லண்டன் ஏஜென்ட் சேர்த்துவிட்ட பெயர் என்று நினைத்தாராம். கரீபியன் வாரம் என்று போஸ்டர் அடித்தாகிவிட்டது. மேசைகள் எல்லாம் புக் ஆகிவிட்டன. "இவரைப் போல ஆட்களை நான் தினமும் சிராங்கூன் ரோட்டில் பார்க்கிறேன். இவரைப் பார்க்க யார் வருவார்கள்?" என்றார். முகத்துக்கு நேராகத்தான் கேட்டார். எட்மண்டின் காது சிவந்துபோனது.

லண்டன் ஏஜென்ட்டுக்குப் போன் போட்டார். என் சுவிட்ச்போர்டுக்கு ஓடிப்போய் அந்த அழைப்பை இணைத்ததும், ஒட்டுக்கேட்டதும் நான்தான். ஏஜென்ட் கொட்டாவி விட்டுக்கொண்டே எட்மண்டிடம், அவர்கள் சொல்கிறபடி செய், இல்லாவிட்டால் ஷோ ரத்து என்றான். என் பன்னிரண்டு வருட வேலையில் ஒரு அழைப்பை நடுவில் துண்டிக்க வேண்டும் என்று கை துடித்தது அன்றைக்குத்தான்.

மிஸ்டர் கோ கண்டுபிடித்த வழி இது. கெப்பல் துறையில் பழுதுபார்க்க நின்றிருந்த ஒரு சரக்குக் கப்பலில் கத்பர்ட் என்று ஒரு எஞ்சின் மெக்கானிக் இருந்தான். பார்படோஸ் தீவுக்காரன், ஆறடி உயரம், நல்ல கறுப்பு. ஹோட்டல் பாருக்கு அடிக்கடி வந்து ஒரே ஒரு பியரை இரண்டு மணி நேரம் குடிப்பான். அவனுக்குத் தங்கப் பொத்தான் வைத்த கோட்டும் தொப்பியும் மாட்டி மேடையில் நிறுத்துவது. அவன் வாயை மட்டும் அசைப்பான். எட்மண்ட் கறுப்புத் திரைக்குப் பின்னால் நின்று பாடுவான். செம்பவாங் என்ற பெயரையும் எடுத்துவிட்டு, ஜமைக்காவின் தலைநகர் பெயரை வைத்து ஜெனரல் கிங்ஸ்டன் என்று போஸ்டரில் ஒட்டினார்கள்.

கத்பர்ட் முதல் ஒத்திகையில் தலையைக் குனிந்துகொண்டே நின்றான். "நான் கிங்ஸ்டனைக் கண்ணால் பார்த்ததே இல்லை சார். அது வேறு தீவு. தேவாலயத்தில்கூட என்னைச் சத்தமாகப் பாட விடமாட்டார்கள்," என்று மிஸ்டர் கோவிடம் சொல்லிப் பார்த்தான். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிறகு எட்மண்டிடம் வந்து கையைப் பிடித்து, மன்னித்துக்கொள் சகோதரா என்றான். அவன்மேல் கோபப்படலாம் என்று பார்த்தேன். முடியவில்லை. அதுவும் எரிச்சலாக இருந்தது.

"வேணாம்டா, விட்டுட்டு வா, வீட்டுக்குப் போலாம்," என்றேன்.

"விட்டா இதுவும் போயிடும்க்கா. ஒரு வாரம் ஓடுது இல்ல? மொத நாள் அவரு சொல்றபடி செய்யறேன். கூட்டம் நல்லா சேந்தா புதன்கிழம அவருகிட்ட பேசிப் பாக்குறேன். அம்மாவ புதன்கிழம வரச் சொல்லு."

அம்மாவிடம் சொன்னேன், சனிக்கிழமை வேண்டாம், புதன் வா என்று. "அதெப்படி, சவரிராஜ் வேனுக்குச் சொல்லியாச்சே" என்றாள். சவரிராஜ் எங்கள் பங்கில் கொயர் பாட்டுக்குழு நடத்துகிறவர். அவர் வேனில் எட்டுப் பேர் ஏறலாம். நான் தொண்டை வலிக்க மன்றாடி, கடைசியில் சரி என்று தலையாட்ட வைத்தேன். அம்மா தலையாட்டினால் சம்மதம் என்று நினைத்தது யாருடைய தப்பும் இல்லை. அவள் ஜெபம் சொல்லும்போதுகூடத் தலையாட்டுவாள்.

சனிக்கிழமை சாயங்காலம் லவுஞ்ச் நிரம்பிவிட்டது. பாதிப் பேர் வெள்ளைக்காரர்கள், மீதி ஆபீஸ் முடிந்து வந்த உள்ளூர்க்காரர்கள். மேடையில் கத்பர்ட்டின் கையில் இருந்த மைக்கின் வயர் கம்பளத்துக்கு அடியில் போய் அங்கேயே முடிந்துவிடும். உயிரில்லாத மைக். உயிருள்ள மைக் திரைக்குப் பின்னால் எட்மண்டிடம் இருந்தது. அதன் வயர் நாலடிதான். வேண்டுமென்றே குட்டையாக வைத்தார்களோ என்னவோ.

தாளம் கிளம்பியதும் எட்மண்ட் திணறினான். அவனால் யாரையும் பார்க்க முடியவில்லை. ஆட்களைப் பார்க்காமல் அவனுக்குப் பேச்சு வராது, அவன் தொழில் அப்படி. திரையில் ஒரு மடிப்பு விலகியிருந்தது, ஆனால் வயர் அதுவரை எட்டவில்லை. ரெக்கார்டில் உள்ள வரிகளையே இரண்டு தடவை சொல்லிவிட்டு, வேர்த்துப்போய், பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தான்.

"நீ பாத்து சொல்லுக்கா!"

நான் மடிப்பில் கண்ணை வைத்துக்கொண்டேன். "முன்னாடி ஒரு தடியன், பைப் புகைக்கிறான், பைப் அணைஞ்சுபோச்சு, அவனுக்கே தெரியல," என்றேன். எட்மண்ட் அதை அப்படியே வாங்கி, அந்த ஜமைக்கா இங்கிலீஷில் சுற்றிச் சுழற்றி, அணைந்த பைப்பை ஊதுகிற துரையைப் பற்றி அடுக்கிக்கொண்டே போனான். வெளியே வெடிச்சிரிப்பு. தடியன் எழுந்து நின்று கும்பிட்டான், கத்பர்ட்டைப் பார்த்து.

"அப்புறம்?"

"இடது பக்கம் ஒருத்தி, செருப்பக் கழட்டிட்டு மணல்ல கால வெச்சிருக்கா. பக்கத்துல உள்ளவன் அவ ப்ரான கணக்குப் பண்றான், தட்டுல இருக்கிற எறால சொல்றேன்."

எட்மண்ட் சிரித்துக்கொண்டே பாடினான். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நான் தமிழில் முணுமுணுக்க, அவன் வாயில் அது வேறொன்றாகி வெளியே போய்க் கூட்டத்தைக் குலுக்கியது. என் தம்பி இவ்வளவு கெட்டிக்காரன் என்று எனக்கு அதுவரை தெரியாது. கேசட்டில் கேட்டதெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. அந்த நாலடி வயரின் முனையில் நின்றுகொண்டு, பார்க்காத ஆட்களை எல்லாம் அவன் கண்ணெதிரே உட்காரவைத்துப் பார்த்தான். பெருமையில் எனக்குக் கண் கலங்கியது. கைதட்டல் முழுக்க இன்னொருவனுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"அப்புறம்க்கா, அப்புறம்?"

நான் சொல்லவில்லை. வலதுபக்கம் முதல் மேசையில், மாதா திருநாளுக்குக் கட்டுகிற நீலப் பட்டுப்புடவையில் அம்மா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் சவரிராஜ், பங்குப் பெண்களில் ஜோசபின் ஆன்ட்டி, இன்னும் நாலைந்து பேர். எல்லார் முன்னாலும் குடை குத்திய இளநீர்.

"அம்மா வந்திருக்காங்க," என்றேன்.

எட்மண்ட் பாட்டை விடாமலே கேட்டான், இசை மட்டும் ஓடுகிற இடத்தில். "எங்க பாக்குறாங்க? மேடையவா?"

"இல்லடா. கதவ. நீ எப்ப வருவேன்னு கதவயே பாத்துட்டு இருக்காங்க."

அவன் மைக்கைக் கீழே வைத்தான். நான் கையைப் பிடிப்பதற்குள் திரையை விலக்கிக்கொண்டு மேடைக்குப் போய்விட்டான்.

அந்தக் கோபத்தில் அவனுக்கு எது உயிருள்ள மைக், எது இல்லாதது என்பதெல்லாம் மறந்துபோயிற்று. நேராகப் போய் கத்பர்ட்டின் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினான். வாயருகே வைத்துப் பாடினான். தாளம் மட்டும் இடித்துக்கொண்டிருந்தது. ஒரு சத்தமும் வெளியே வரவில்லை. கூட்டத்துக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: ஜெனரல் அருமையாகப் பாடிக்கொண்டிருக்கிறார், யாரோ ஒரு ஒல்லித் தமிழன், ஹோட்டல் சிப்பந்தியோ குடித்தவனோ, மைக்கைப் பிடுங்கிக்கொண்டு மீன் மாதிரி வாயைத் திறந்து மூடுகிறான்.

கொஞ்சம் சிரித்தார்கள். அப்புறம் கத்தினார்கள். பைப்காரத் தடியன், நிஜ ஆளைப் பாட விடுடா என்று மேசையைத் தட்டினான். நான் உயிருள்ள மைக்கை எடுத்துக்கொண்டு ஓடினேன். நாலடியில் வயர் என்னைப் பின்னால் இழுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்துப் பார்த்தேன். திரை கிழிந்ததுதான் மிச்சம். கத்பர்ட் பாவம், நீயே பாடு என்று எட்மண்டுக்கு இடம் விட்டு ஒதுங்கி நின்றான். அந்தப் பெருந்தன்மைக்குக் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. கத்பர்ட்டுக்கு.

மிஸ்டர் கோவும் இரண்டு வெயிட்டர்களும் வந்து எட்மண்டைக் கையைப் பிடித்து இறக்கினார்கள். சமையலறைக்குப் போகிற நடையில், எச்சில் தட்டுகள் அடுக்கிய தள்ளுவண்டிகளுக்கு நடுவில் அவனைக் கொண்டுவந்து விட்டார்கள். ஷோவுக்குப் பதினைந்து நிமிட இடைவேளை என்று அறிவித்துவிட்டு மிஸ்டர் கோ எங்களைத் திட்டுவதற்கு வாயைத் திறந்தார். அதற்குள் அம்மா வந்துவிட்டாள். பின்னாலேயே சவரிராஜும் ஜோசபின் ஆன்ட்டியும்.

அம்மா மிஸ்டர் கோவைப் பார்க்கவே இல்லை. நேராக எட்மண்டிடம் வந்தாள்.

"அறிவிருக்கா உனக்கு? ஒரு மனுசன் அழகா பாடிக்கிட்டு இருக்காரு. அவரு கையிலருந்து பிடுங்குறே! உன் முறை வர்ற வரைக்கும் பொறுக்க முடியாதா? பங்கு சனமெல்லாம் பாத்துட்டு இருக்கு. இதத்தான் அப்பா சொல்லிக்கொடுத்தாரா?"

கத்பர்ட் அப்போது தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தான். அம்மா அவனைப் பார்த்துக் கை கூப்பினாள். "மன்னிச்சுக்கப்பா. எம் பையன் தெரியாம பண்ணிட்டான். சோரி, சோரி," என்றாள்.

எனக்கு அடக்க முடியவில்லை. "அம்மா! பாடினது அவரு இல்ல! நம்ம எட்மண்டு! அத்தனையும் அவன் குரல்மா! திரைக்குப் பின்னாடி நின்னு அவன்தான் பாடினான், அவரு சும்மா வாய அசைச்சாரு!"

அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"எனக்குக் கண்ணு இல்லையா?"

"சத்தியமா அம்மா."

"சத்தியம் பண்ணாதே," என்றாள். பிறகு எட்மண்டிடம் திரும்பினாள். "சரி. நீதான்னா பாடு. இப்ப பாடு, கேக்குறேன்."

எட்மண்ட் என்னைப் பார்த்தான். பிறகு ஒரு தள்ளுவண்டியின் விளிம்பில் விரலால் தட்ட ஆரம்பித்தான். தட்டுகள் கிணுகிணுத்தன. அப்பாவைப் பற்றிய அந்த ரொட்டி ஆலைப் பாட்டைத்தான் எடுத்தான். மைக் இல்லை, எதிரொலி இல்லை, நெஞ்சில் இடிக்கிற அந்தத் தாளம் இல்லை. சமையலறையில் யாரோ வாணலியைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். மேடையில் கத்தியதில் அவன் தொண்டை வேறு கம்மியிருந்தது. ஆனாலும் பாடினான். அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, ஒரு வரி விடாமல் பாடினான். அம்மா, ஞானோபதேச வகுப்பில் பிள்ளை மனப்பாடம் ஒப்பிப்பதைக் கேட்கிற மாதிரி, தலையைச் சாய்த்துக்கொண்டு கடைசிவரை பொறுமையாகக் கேட்டாள்.

"அதே பாட்டுதான், தெரியுது," என்றாள். "நல்லாத்தான்ப்பா இருக்கு. ஆனா அந்தத் தம்பி பாடினப்ப இங்க நெஞ்சுல திம் திம்முனு வந்து இடிச்சுது. உனக்கு அப்படி வரல. இன்னும் கொஞ்சம் பழகணும்."

"அது ஸ்பீக்கர்மா!" என்று நான் கத்தினேன்.

"தம்பிக்காகப் பொய் சொல்றியே, பிரிஜட். நாளைக்குப் பூசைக்கு முன்னாடி பாவசங்கீர்த்தனம் பண்ணிடு," என்றாள் அம்மா. ஜோசபின் ஆன்ட்டி ஆமாம் என்பதுபோல் கண்ணை மூடித் திறந்தாள்.

நான் அழுதுவிட்டேன். கோபத்தில்தான். யாரை அடிப்பது என்று தெரியாத கோபம். மிஸ்டர் கோவையா, லண்டன் ஏஜென்ட்டையா, வீடு பார்க்கிறேன் என்று போன அப்பாவையா, இந்தக் காதுகளை வைத்துக்கொண்டு எதையும் கேட்காத அம்மாவையா?

அம்மாவுக்கு அதற்குள் கோபம் தணிந்திருந்தது. கத்பர்ட்டின் கையை எடுத்துத் தன் கைகளுக்குள் வைத்துக்கொண்டாள்.

"பிரிஜட், அழுதது போதும். இந்தத் தம்பிகிட்ட கேளு. ஊருக்குப் போறதுக்குள்ள எட்மண்டுக்குக் கொஞ்சம் சொல்லிக்கொடுப்பாரான்னு கேளு. பெரிய மனசு பண்ணணும்னு சொல்லு."

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எட்மண்ட் தானே கத்பர்ட்டிடம் திரும்பினான். என் அம்மா கேட்கிறார், நீங்கள் எனக்குப் பாடக் கற்றுக்கொடுப்பீர்களா என்று, என அவனுடைய லூயிஷம் ஆங்கிலத்தில் சொன்னான். குரலில் ஒரு கிண்டலும் இல்லை.

கத்பர்ட் எட்மண்டை விட்டுவிட்டு என் அம்மாவின் கண்களைப் பார்த்து, மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னான். "அம்மா, நான் வாயை அசைத்தேன், அவ்வளவுதான். நீங்கள் கேட்டது எல்லாம் உங்கள் மகன். அவனைப் போல் ஒருவனை நான் எந்தத் துறைமுகத்திலும் கேட்டதில்லை."

அம்மாவுக்கு அவன் உச்சரிப்பில் ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை. நான் முந்திக்கொண்டு சொல்ல வாயெடுத்தேன். எட்மண்ட் என் மணிக்கட்டை வலிக்கும்படி இறுக்கிப் பிடித்தான்.

"என்னப்பா சொல்றாரு?" என்று அம்மா அவனைக் கேட்டாள்.

"சரின்னு சொல்றாரும்மா," என்றான் எட்மண்ட்.

அம்மா திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, நாளைக்குப் பூசை முடிந்ததும் அவரைச் சாப்பிட வீட்டுக்குக் கூட்டி வா என்று அவனிடம் சொன்னாள்.